ஃபிரீசர் விசிறியும் ஓர் இலக்கப் பிழையும்

எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் சத்தம் போடத் தொடங்கியது ஒரு மார்கழி மாதம். அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடி ஃபிளற்றில் இருந்தோம். நானும் கணவரும் மட்டும். குசினியில் சமைக்க இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்வோம். அதனால் பிரிட்ஜ் ஹோலில், என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றது.

அந்த மேசைதான் என் அலுவலகம். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்கள், பொலிஸ் அறிக்கை, பாடசாலை விடுகைப் பத்திரம் என்று சிங்களத்திலும் தமிழிலும் வருவதை ஆங்கிலத்தில் ஆக்கி, கையொப்பமிட்டு, முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் எங்கள் பகுதியில் பாதிப் பேர் எங்காவது வெளிநாடு போவதற்குக் காத்திருந்தார்கள். காலை எட்டரைக்கே ஆட்கள் படியேறி வந்துவிடுவார்கள்.

மேசை விசிறியில் ஒரு கடதாசித் துண்டு மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும், பிரிட்ஜுக்குள் அப்படி ஒரு 'டிர்ர்ர்'. பத்து நிமிடம் அடிக்கும். பிறகு மெலிந்து டிக், டிக் என்று ஆகும். பிறகு நிற்கும். நின்ற பிறகுதான் எனக்குத் தொல்லை கூடியது. இப்போது தொடங்குமா, இனித் தொடங்குமா என்று காது அந்தப் பக்கமே போய் நிற்கும். கண் எழுத்தில் இருக்கும், விரல் தட்டிக்கொண்டிருக்கும், காது மட்டும் பிரிட்ஜுக்குள் இருக்கும். எங்கள் ஒழுங்கையின் முடிவில் கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி ஓடும். ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். அது எனக்கு ஒரு நாளும் இடைஞ்சலாகப் பட்டதில்லை.

கணவர் பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர். சின்ன வயதில் காதில் வந்த நோயால் அவருக்கு வலது காது கேட்காது. இடது காதிலும் மெல்லிய கூர்மையான சத்தங்கள் ஏறுவதில்லை.

"இஞ்ச வந்து நில்லுங்கோ. இப்ப கேக்குதா?" என்று அவரைக் கூட்டி வந்து நிறுத்தினேன்.

அவர் தலையைச் சரித்து, நல்ல காதைப் பிரிட்ஜ் கதவில் வைத்தார். "பிரிட்ஜ் ஓடுற சத்தம் கேக்குது. பிரிட்ஜ் எண்டா ஓடத்தானே வேணும்."

"டிர்ர் எண்டு கேக்கேல்லையா?"

"இல்லையப்பா. நீர் அதையே நினைச்சுக்கொண்டு இருக்கிறீர். பழகிப் போம்."

பழகவில்லை. முன்காலின் கீழே மட்டை மடித்து வைத்துப் பார்த்தேன். சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்து வைத்தேன். பின்பக்கத் தூசியைத் துடைத்தேன். போத்தல்கள் ஒன்றோடொன்று உரசுகின்றனவோ என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெறும் பெட்டியாக ஓடவிட்டேன். அப்போதும் 'டிர்ர்ர்'. இதற்கிடையில் இன்னொன்றையும் கவனித்தேன். மேலே ஃபிரீசரில் ஐஸ் கல்லாக இருந்தது. கீழே வைத்த பால் பின்னேரத்துக்குள் திரைந்தது. தோசை மா வெளியில் வைத்தது போலப் பொங்கி வழிந்தது. மேலே இவ்வளவு குளிர் இருக்க, கீழே ஏன் இல்லை என்று எனக்கு விளங்கவில்லை.

காலி வீதிக் கடையொன்றில் சொல்லி ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவர் வந்த நேரம் சத்தம் ஓய்ந்திருந்தது. தேத்தண்ணி கொடுத்துக் காக்க வைத்தேன். ஒருவாறு 'டிர்ர்ர்' தொடங்கியது. அவர் எழுந்து போய் ஃபிரீசர் கதவைத் திறந்தார். திறந்த அந்தக் கணமே சத்தம் நின்றுவிட்டது.

"சத்தயக் நேனே, மிஸ்," என்றார். சத்தமே இல்லையே என்று.

மூடினால் வந்தது. திறந்தால் போனது. மூன்று தரம் திறந்து மூடிவிட்டு, கம்பிரசர் பழசாகிவிட்டது, இனிச் செலவழிக்காமல் புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். டைப் அடிக்கும் நேரத்தில் பிளக்கைக் கழற்றுவது, எழும்பும்போது மாட்டுவது. இரண்டாம் கிழமை, கழற்றியதை மாட்ட மறந்து போனேன். ஞாயிற்றுக்கிழமை கணவர் பேலியகொடைச் சந்தைக்குப் போய் வாங்கி வந்த அறக்குளா மீன் முழுவதும் பழுதாகி, ஃபிளற் எங்கும் நாறியது. அவர் மீனைப் பையில் கட்டிக் கீழே கொண்டுபோனார். அதன் பிறகு நான் பிளக்கில் கை வைக்கவில்லை. சத்தத்தோடேயே வேலை செய்தேன்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் அந்தப் பெண் முதன்முதலாக வந்தார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பூர்வீகம் மலையகம் என்பது பேச்சில் தெரிந்தது. கணவர் இறந்து பத்து வருடம். இப்போது ஐரோப்பாவில் இருக்கும் ஒருவரை மறுமணம் செய்திருந்தார். அவர் இவரையும், முதல் கணவருக்குப் பிறந்த மகளையும் அங்கே கூப்பிடுகிறார். அதற்காக மகளின் பிறப்புச் சான்றிதழ், முதல் கணவரின் இறப்புச் சான்றிதழ், இரண்டு விவாகச் சான்றிதழ்கள். எல்லாம் சிங்களத்தில். பொலித்தீன் உறை ஒன்றில் மடிப்பில்லாமல் வைத்திருந்தார்.

எனக்கென்று ஒரு முறை இருந்தது. அடித்து முடித்த பிறகு, மூலத்தில் ஒரு விரலை வைத்து, வரி வரியாக வாய்விட்டு வாசித்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். இருபது வருடமாக அப்படித்தான். அன்று இறப்புச் சான்றிதழின் நடுவில் நிற்கும்போது பிரிட்ஜ் தொடங்கியது. எழும்பிப் போய் ஃபிரீசர் கதவில் கையால் குத்தினேன். நின்றது. உட்கார்ந்தேன். தொடங்கியது. திரும்பவும் குத்தினேன். அந்தப் பெண் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. கெதியாக முடித்து அனுப்பிவிட வேண்டும் என்று பட்டது. வாய்விட்டு வாசிக்கவில்லை. கண்ணால் மேலோட்டமாகப் பார்த்து, கையொப்பம் வைத்து, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு அவர் திரும்பி வந்தார். மூலத்தையும் என் மொழிபெயர்ப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மிஸ், இத ஒருக்கா பாருங்க."

பார்த்த உடனேயே தெரிந்தது. கணவர் இறந்த வருடத்தில் ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் எட்டு விழுந்திருந்தது. ஒரு இலக்கம். பத்து வருடம் பின்னுக்குப் போயிருந்தது.

"எம்பசில கண்ணாடிக்கு அங்கிட்டு இருந்த ஆபீசர் நோனா மைக்குல கேட்டாங்க," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்லும் குரல். "பொண்ணு பொறக்கிறதுக்கு மூணு வருஷத்துக்கு முந்தியே புருஷன் செத்துப் போயிட்டாரே, அப்ப இது யாரு புள்ளன்னு. அத தமிழ்ல சொல்ற ஐயாவும் அதே மைக்குலதான் சொன்னாரு. அங்கன ஒரு முப்பது பேரு இருந்தாங்க. எம் பொண்ணும் பக்கத்துல நின்னுச்சு."

"என்ர பிழைதான்," என்றேன். "இப்பவே திருத்தித் தாறன்."

"வீட்டுக்கு வந்து பொண்ணு எங்கிட்ட கேட்டுச்சு, அப்ப எங்கப்பா யாருன்னு. வெளையாட்டுக்குக் கேக்கல்ல, மிஸ். அதுக்கு ஏழு வயசா இருக்கையில அவரு போயிட்டாரு. மறு வருஷமே நான் குவைத்துக்குப் போனேன். எட்டு வருஷம். எங்க அக்காதான் வளத்துச்சு. நான் சொன்னா அது அப்படியே நம்புற அளவுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்ததில்ல."

இன்னும் ஒரு சங்கதியைச் சொன்னார். மகளுக்கு இன்னும் மூன்று மாதத்தில் பதினெட்டு முடிகிறது. அதன் பிறகு தாயின் விண்ணப்பத்தோடு சேர்ந்து போக முடியாது. புதிய நேர்முகத்துக்கு இரண்டு கிழமையில் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

நான் கணினியைத் திறந்து அடிக்கத் தொடங்கினேன். நாலு வரி போகவில்லை, 'டிர்ர்ர்'. தோள் துள்ளியது. அவர் அதைக் கண்டுவிட்டார்.

"இது எத்தன நாளா, மிஸ்?"

"ஒண்டரை மாசம்."

"அன்னைக்கும் இதே சத்தந்தானே. நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு போனீங்க." எழுந்து போய் ஃபிரீசர் கதவைத் திறந்தார். சத்தம் நின்றது. மெக்கானிக்கைப் போல மூடிவிடவில்லை. கதவின் விளிம்பு வந்து படும் இடத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பொத்தான் இருந்தது. நான் அதை ஒருநாளும் கவனித்ததில்லை. அதை விரலால் அழுத்தினார். கதவு திறந்தபடியே இருக்க, 'டிர்ர்ர்' என்று முழுச் சத்தமும் எங்கள் முகத்துக்கு நேரே வந்தது. விரலை எடுத்தார். நின்றது.

"காத்தாடி," என்றார். "உள்ளுக்குள்ள ஒரு காத்தாடி இருக்கு. கதவத் தொறந்தா அது நின்னுக்கும். இந்தச் சுவிச்ச அழுத்தினா, கதவு மூடியிருக்குன்னு நெனச்சு ஓடும். கம்பிரசர்ல ஒண்ணுமில்ல. மொதல்ல இத நிப்பாட்டிட்டு அப்புறமா அடிங்க. இல்லாட்டி இன்னொரு பிழை வரும்."

கணினியை விட்டு எழுந்தேன்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். குவைத்தில் அவர் வேலை செய்த வீட்டில் மூன்று பெரிய பிரிட்ஜ் இருந்ததாம். ஆண்கள் இல்லாத நேரத்தில் வெளி ஆளைக் குசினிக்குள் விடமாட்டார்களாம். "மெக்கானிக் மலையாளத்துக்காரரு. வாசலுக்கு வெளியில நின்னுக்கிட்டு, இதத் தொடு, அதக் கழட்டு, இப்ப என்ன சத்தம் வருதுன்னு கேப்பாரு. நான் உள்ள இருந்து செய்வேன். எட்டு வருஷத்துல அவரு மொகத்த ரெண்டு மூணு தடவதான் பாத்திருப்பேன்."

ஃபிரீசரில் இருந்ததையெல்லாம் பேசினில் எடுத்து வைத்தோம். பிளக்கைக் கழற்றினோம். ஃபிரீசரின் பின்சுவராக நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தது ஒரு பிளாஸ்ரிக் மூடி. மூலைகளில் நாலு ஸ்குரூ. கடல் காற்றில் மூன்று துருப்பிடித்திருந்தன. தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்துக் கொஞ்சம் பொறுத்து, அவர் உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துத் திருகினார். மூடி வெளியே வந்தபோது பின்னால் குழாய்கள் எதுவும் தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைக் கட்டி. அதன் மேற்பகுதியில் உள்ளங்கை அளவான விசிறி. ஓர் இதழின் நுனி ஐஸில் புதைந்தும் புதையாமலும் இருந்தது. ஐஸில் அரைவட்டமாக ஒரு கோடு விழுந்திருந்தது.

"ஐஸ் வளந்து வளந்து காத்தாடியத் தொட்டிருக்கு. தொடுறப்போ சத்தம் வரும். கீழ காத்துப் போற வழியும் அடைச்சுப் போச்சு. கீழ சாமான் கெட்டுப் போகுதா?"

"ஓம். பால் நிக்குதில்ல."

"அதான்."

நான் குசினிக்குப் போய்ப் பாண் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கத்தி வேணாம், மிஸ். கொழாய்ல ஒரு ஓட்ட விழுந்தா காஸ் போயிரும். அப்புறம் இது வெறும் அலுமாரிதான். சுடுதண்ணி வைங்க."

ஒரு சட்டியில் கொதிநீர் வைத்துக் கதவை அரைவாசி சாத்தினோம். கீழே துணிகளை விரித்தோம். இனிக் காத்திருப்பதுதான் வேலை. அவரால் இருக்க முடியவில்லை. பல்கனியைக் கூட்டினார். கூட்டி முடித்துத் திரும்பவும் கூட்டினார். தண்ணீரை மாற்றினார். துணியைப் பிழிந்தார். வீடு அமைதியாக இருந்தது. நான் அடித்தேன். முடித்ததும் அவரிடம் மூலத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாக உரத்து வாசித்தேன். இலக்கங்கள் வரும் இடத்தில் அவர் விரலை வைத்து, "ம்" என்றார். அந்த வருடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

கையொப்பமிட்டு முடித்த பிறகுதான் கேட்டார். "மிஸ், பிழை உங்களோடதுன்னு ஒரு கடதாசி எழுதித் தருவீங்களா? புதுசக் கொண்டு போய்க் குடுத்தா, இது எங்கருந்து வந்திச்சு, எத நம்புறதுன்னு கேப்பாங்க."

தூதரகங்கள் யாருடைய மொழிபெயர்ப்பை ஏற்பது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். இருபது வருடமாக நான் அதில் இருந்தேன். என் கையொப்பத்தோடு என் பிழையை நானே எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு நொடியில் மனம் கணக்குப் போட்டுவிட்டது.

"புதுசு குடுத்தாப் போதும்," என்றேன். "அவை விளங்கிக்கொள்ளுவினம்."

அவர் என்னைப் பார்த்தார். "சரிங்க, மிஸ்," என்றார். பிறகு, உருகி முடிந்திருந்த குழாய்களை ஒரு துணியால் ஒற்றி எடுத்து, மூடியைப் பொருத்தி, நாலு ஸ்குரூவையும் திருகிவிட்டுப் போனார். பிளக்கை மாட்டினேன். விசிறி ஓடுவது தெரியவே இல்லை.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். "நீர் ஏன் எழுதிக் குடுக்கிறீர்?" என்றார். "திருத்திக் குடுத்தாச்சு. அதுக்கு மேல போனா உம்மடை தொழில்தான் போகும்." அவர் சொன்னது நான் கேட்க விரும்பியதுதான். ஆனாலும் மனம் ஆறவில்லை.

ஒன்பது நாள் பிரிட்ஜ் சத்தம் போடவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் ஒரு இடத்தில் இருக்கவில்லை. கணினியில் கிடந்த பழைய மொழிபெயர்ப்புகளைத் திறந்து, கைவசம் பிரதி இருந்தவற்றோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டேன். ஒரு ஊரின் பெயரில் எழுத்துப் பிழை, ஒரு இடத்தில் கால்புள்ளி இல்லை. வேறு ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததும் என்னை ஆற்றவில்லை. பின்னேரங்களில் தண்டவாளத்தை ஒட்டிப் பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வரை நடந்தேன். அங்கே ஒரு நிமிடம்கூட நிற்காமல் திரும்பினேன். தேத்தண்ணி போட்டுவிட்டுக் குடிக்க மறந்தேன். மைக்கில் அந்தக் கேள்வி எப்படி ஒலித்திருக்கும் என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில், பிறகு தமிழில்.

பத்தாம் நாள் காலை, டிக், டிக். மதியத்துக்குள் 'டிர்ர்ர்'. உண்மையைச் சொன்னால் ஒரு பக்கம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அவரைக் கூப்பிட ஒரு சாட்டுக் கிடைத்தது. ஃபோன் எடுத்தேன்.

"எத்தன நாள்ல வந்திச்சு?" என்று கேட்டார்.

"ஒன்பது."

"அப்ப நாம உருக்கினது சரி. தானா உருகிறதுதான் நின்னுபோச்சு." இந்த மாதிரிப் பிரிட்ஜில் ஒரு நாளைக்குச் சில தடவை உள்ளே ஒரு ஹீட்டர் சூடாகி, குழாயில் படியும் ஐஸை உருக்கிவிடும், எப்போது சூடாக வேண்டும் என்று சொல்ல ஒரு டைமர் இருக்கும், இரண்டில் ஒன்று செத்திருக்கிறது என்றார். எது என்று பார்க்க நாளைக்கு வருகிறேன் என்றார். அதற்கு அடுத்த நாள்தான் அவருடைய நேர்முகம்.

மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் தாயை விட உயரம். கதிரையின் நுனியில் இருந்தாள். தாய் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபோது தாயின் முகத்தைப் பார்க்காமல் வாங்கினாள்.

டைமர் கீழ்த்தட்டில், பல்புக்குப் பக்கத்தில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டியாக இருந்தது. அதன் நடுவில் ஒரு வெட்டு. ஒரு ரூபாய் நாணயக் குத்தி கேட்டு வாங்கி, அந்த வெட்டில் வைத்து மெல்ல மெல்லத் திருகினார். 'கிளக்' என்றது. பிரிட்ஜ் முழுவதும் அடங்கியது.

"இப்ப ஹீட்டர் சூடாகணும். அஞ்சு பத்து நிமிஷம் போகட்டும். உள்ள ஸ்ஸ்ன்னு சத்தம் வந்தா ஹீட்டர் நல்லாருக்கு, டைமர்தான் போச்சு. ஒண்ணும் வரலைன்னா ஹீட்டர் போச்சு. அது பெரிய வேல."

அவர் ஃபிரீசரின் பின்சுவரில் காதை வைத்து நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போது மகள் முதன்முறையாகப் பேசினாள்.

"மிஸ், அந்த ஒரிஜினல்ல எழுத்துத் தெளிவா இல்லையா?"

அவள் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பழைய பதிவேட்டு எழுத்து, மை ஊறியிருந்தது என்று சொல்லியிருக்கலாம். தாய் காதை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"தெளிவாத்தான் இருந்தது," என்றேன். "ஒன்பதெண்டு வடிவா எழுதியிருக்கு. நான்தான் ஒழுங்காப் பாக்கேல்ல. உங்கட அப்பா நீங்கள் ஏழு வயசா இருக்கேக்கதான் இறந்தவர். அதில ஒரு சந்தேகமும் இல்ல."

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். "அப்ப அத அங்கயும் சொல்லலாம்தானே," என்றாள்.

அதே நேரம் உள்ளே ஏதோ 'ஸ்ஸ்ஸ்' என்றது. சூடான தட்டில் தண்ணீர்த்துளி விழுந்தது போல. பிறகு டொக் என்று ஒரு சொட்டு. "வருது," என்றார் தாய். "இங்க வந்து கேளுங்க, மிஸ்." நான் போய்க் காதை வைத்தேன். மகளும் எழுந்து வந்து மற்றப் பக்கம் காதை வைத்தாள். பாடசாலை விட்டு வந்த என் கணவர் கதவைத் திறந்தபோது, மூன்று பெண்கள் ஃபிரீசருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றோம். அவர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அறைக்குள் போனார்.

ஹீட்டர் நன்றாக இருந்தது. டைமர்தான் தன்பாட்டில் சுற்றாமல் நின்றுபோயிருந்தது. ஐஸ் முழுவதும் உருக ஒரு மணித்தியாலம் வேண்டும் என்றார் தாய். நான் மேசைக்குப் போனேன். இறந்த வருடம் தவறாகத் தட்டச்சு செய்யப்பட்டது என்னுடைய கவனக்குறைவினால்தான், மூலச் சான்றிதழில் எந்த மயக்கமும் இல்லை, விண்ணப்பதாரருக்கும் அவரது மகளுக்கும் இதில் எந்தப் பொறுப்பும் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவர்களுக்கு நேர்ந்த அவமானத்துக்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி சேர்த்தேன். அதை எடுத்துவிட்டு, திரும்பவும் சேர்த்தேன். உரத்து வாசித்து, தமிழில் பொருள் சொன்னேன். கையொப்பம் வைத்து முத்திரை குத்தினேன்.

தாய் அதை வாங்கிப் பொலித்தீன் உறைக்குள் வைத்தார். நன்றி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. போகும்போது கறுப்புப் பெட்டியைக் கழற்றி என் கையில் தந்தார். "இத அப்படியே கொண்டு போய்க் காட்டி வாங்குங்க. அடியில கரண்டு போற முள்ளு நாலு இருக்கணும். புதுச எடுத்தாந்து குத்தினாப் போதும். பிளக்கக் கழட்டிட்டுச் செய்யுங்க."

மறுநாள் காலை, அவர்கள் தூதரகத்தில் நிற்கும் நேரம், நான் புறக்கோட்டையில் பிரிட்ஜ் சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். முதல் இரண்டு கடையிலும் மூன்று முள்ளு உள்ளதுதான் இருந்தது. மூன்றாம் கடைக்காரர் பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார். வீட்டுக்கு வந்து, பிளக்கைக் கழற்றி, நானே குத்தினேன். அது ஒரே அமுக்கில் உட்கார்ந்தது. மத்தியானம் ஓடவிட்டேன். வேலையில் மனம் போகவில்லை. ஃபோன் வரும், வரும் என்று பார்த்தேன். பின்னேரம் ஐந்தரை மணியளவில், நான் கிட்டப் போகாமலே, 'கிளக்' என்றது. பிரிட்ஜ் தானாக அடங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம். போய்க் கதவில் கை வைத்துக்கொண்டு அது முடியும்வரை நின்றேன். அந்தப் பிரிட்ஜ் அதன் பிறகு ஆறு வருடம் ஓடியது.

அன்று ஃபோன் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தூதரகத்திலிருந்தே எடுத்தார்கள். ஒரு பெண் அதிகாரி. இந்தக் கடிதம் நீங்கள் எழுதியதா, யாரும் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். நான்தான் எழுதினேன், கட்டாயம் எதுவும் இல்லை என்றேன். அவர்தானோ மைக்கில் கேட்டவர் என்று எனக்குள் ஓடியது. கேட்கவில்லை. அடுத்த மாதம் ஒரு கடிதம் வந்தது. மறு அறிவித்தல் வரை என் மொழிபெயர்ப்புகளை அவர்கள் ஏற்பதில்லை என்று மூன்று வரியில். அந்த நாட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் படியேறுவது நின்றுபோனது. கணவர் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். இரண்டு நாள் கழித்து, சோறு போட்டுக் கொடுக்கும்போது, "சரி, விடும். மற்ற நாடுகள் இருக்குத்தானே," என்றார்.

பங்குனி முடியுமுன் அந்தப் பெண் ஃபோனில் சொன்னார். இருவருக்கும் விசா கிடைத்துவிட்டது. மகளுக்குப் பதினெட்டு நிறைய மூன்று கிழமை இருந்தது. சாமான் கட்டுவது, அக்காவிடம் வீட்டை ஒப்படைப்பது என்று ஓடித் திரிவதாகச் சொன்னார். பின்னால் யாரோ இரும்புப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. "காத்தாடி எப்படி, மிஸ்?" என்று கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றேன்.

அவர்கள் புறப்படுவதற்கு முந்தின கிழமை, ஒரு காலை, மகள் மட்டும் வந்தாள். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். அவள் வரிசையில் நின்று, தன் முறை வந்த பிறகுதான் உள்ளே வந்தாள்.

"மிஸ், நீங்க எழுதின கடிதத்தில ஒரு கொப்பி எனக்குத் தருவீங்களா?"

"எம்பசிக்கா? அதான் எல்லாம் முடிஞ்சுதே."

"எம்பசிக்கில்ல. எனக்கு."

கணினியில் அது இருந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். அவள் உட்காராமல், நின்றபடியே, உதடுகள் மெல்ல அசைய முழுவதையும் வாசித்தாள். பிறகு அதை மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இதிலயும் சைன் பண்ணித் தாங்க, மிஸ்."

கையொப்பம் வைத்தேன். மைப்பெட்டியைத் திறந்து முத்திரையையும் குத்தினேன். மை காயும்வரை அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாறேன், மிஸ்," என்று சொல்லிப் படியிறங்கினாள்.